உத்தரியத்தில் யார் கை

சங்குமுனையில் ஆண்கள் கையுறை போட ஆரம்பித்து அது இரண்டாவது கோடை. கத்திரி வெயிலில் தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. இவர்களோ முழங்கை வரைக்கும் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கிறார்கள். கிளாஸைப் பிடித்தால் வழுக்குகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வழுக்குகிறது. கோயிலில் திருநீற்றைக் கையுறையில் வாங்கி நெற்றியில் பூசுகிற கண்றாவியையும் ஊர் பார்த்தாயிற்று. துறைமுக வாசலில் வலைக்கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவுக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்க வயிறு குளிரும். "நல்லா வேகட்டும்" என்று வாய்விட்டே சொல்வாள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்வாள்.

எல்லாம் தொடுவாசிப்பான் செய்த வேலை. மனிதன் எதைத் தொட்டாலும் அதில் கொஞ்சம் வியர்வையும் தோல்துகளும் படிகின்றன. பழைய கைரேகைக்காரர்களுக்கு அதில் வெறும் கோடு தெரிந்தது. தொடுவாசிப்பானுக்கு, அரசாங்கப் பதிவில் எல்லோருடைய கைத்தடமும் இருப்பதால், யார் தொட்டான், எவ்வளவு அழுத்தித் தொட்டான், அந்த நேரம் அவன் உடம்பு எப்படிக் கொதித்தது என்பது வரை தெரியும். ஆசையில் வடிகிற வியர்வை வேறு, ஆத்திரத்தில் வடிவது வேறு என்று அது பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் பொல்லாத பிடிவாதக்கார எந்திரம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தாண்டிய தடத்தை அதனால் படிக்க முடியாது, அப்புறம் அது வெறும் அழுக்கு. படிக்கும்போதே தடத்தை எரித்துவிடும், ஆகவே இரண்டாம் தடவை கேட்க வழியில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பொருளுக்கு மேல் ஓடாது. ஒரு கப்பலே வாங்கிவிடலாம், அவ்வளவு விலை என்பதால் மாவட்டத்துக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவின் கோபத்துக்கு ஒரு முகம் உண்டு. லாரி காண்டிராக்டர் லிங்கதுரையின் முகம். அவளுடைய தங்கை எமரன்சியா, வீட்டில் எமி, பைபாஸ் ரோட்டு லாட்ஜுகளில் தொழில் செய்து பிழைத்தாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் லிங்கதுரை அவளை அடித்துத் தாடையை உடைத்தான். எமி புகார் கொடுத்தாள். போலீஸ்காரர்கள் அவள் சேலையை ஒரு பையில் போட்டுக் கட்டிச் சாமான் அறையில் வீசினார்கள். "இவளுகளுக்கு இது சகஜம்தானே" என்று ஒருத்தன் சிரித்தானாம். தொடுவாசிப்பானுக்கு அந்தச் சேலை போய்ச் சேர்ந்தபோது மண்டலம் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. லிங்கதுரை வெளியே வந்தான். ஜெசிந்தாவின் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அந்த ஒரு சத்தம் போதாதா ஒருத்தியைப் பேயாக்க?

பேயாகத்தான் ஆனாள். கடற்கரை ஊர்ப் பெண்களையெல்லாம் திரட்டித் தலைநகரில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாள். விற்கிறவளைப் பிடிக்காதே, வாங்குகிறவனைப் பிடி. அபராதம் போட்டு அனுப்பாதே, உள்ளே தள்ளு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சட்டம் வந்தது. காசு கொடுத்துப் பெண்ணிடம் போனவனுக்குப் பன்னிரண்டு வருடம் கடுங்காவல். பன்னிரண்டு வருடம் என்றால் வாய் வார்த்தையை நம்பிக் கொடுக்க முடியாது, தொடுவாசிப்பான் சொன்னால்தான் தண்டனை என்றார்கள் நீதிபதிகள். அப்போதுதான் ஜெசிந்தா இன்னொன்றும் கேட்டு வாங்கினாள். மறுபடியும் எவனும் பையைக் கட்டி மூலையில் போட்டுவிடக் கூடாதல்லவா? அதனால் வாங்கியவன் மேல் போடுகிற வழக்குக்குத்தான் எந்திரத்தில் முதல் இடம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். இதைத் தளர்த்த வேண்டுமானால் மாவட்டக் கண்காணிப்புக் குழுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும். தலைவி யார்? அவளேதான்.

சட்டமன்றத்து ஆட்களும் சும்மா இருக்கவில்லை. இந்த வழக்குகளில் எந்திரத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம், பெயர் குறிப்பிட்ட ஆளின் தடம் இருக்கிறதா இல்லையா, வேறு யார் பெயரையும் அது சொல்லக் கூடாது என்று ஒரு வரியைச் சொருகிவிட்டார்கள். எதற்கு என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் புரியும். ஜெசிந்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்தனாகப் பெயர் சொல்லிப் பிடித்தால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஊர் படிப்படியாக மாறியது. லாட்ஜ் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பையில் கட்டி வைக்க இடம் போதாமல், பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சேமிக்கிற குளிரறையைக் கேட்டு வாங்கினார்கள். பிரசவத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டத்துக்கு ஓட வேண்டும். ஜெயில் நிரம்பி வழிந்தது. பாலிடெக்னிக் விடுதிப் பையன்களைக் காலி செய்யச் சொல்லி ஜன்னலுக்குக் கம்பி அடித்தார்கள். போலீஸ்காரர்கள் விரிப்பு பொறுக்கிக்கொண்டிருக்க, படகு என்ஜின்களைப் பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போனார்கள் திருடர்கள். மணல்தெருவில் ஒரு குழந்தை காணாமல் போனது. அது விட்டுப்போன ஒற்றைச் செருப்பை எந்திரத்துக்கு அனுப்பினார்கள். அது வரிசையில் கிடந்து கிடந்து வெறும் செருப்பாகிப்போனது. அந்தக் குழந்தையின் அம்மா கடைக்கே வந்து கேட்டாள். "அதுக்காக அவனுகள விடச் சொல்லுதியா?" என்று ஜெசிந்தா திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

எமியும் வந்து கேட்டிருந்தாள், அது சட்டம் வருவதற்கு முன்பு. உடைந்து கோணிப்போன தாடையோடு, அக்காவின் கடையில் நைலான் நூல்கண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, சண்டை போடாமல்தான் சொன்னாள்.

"எக்கா, அடிச்சவனுக்குத் தண்டன கேளு. நானும் உன்கூட வந்து உக்காருதேன். வாரவனுக்கெல்லாம் கேக்காத."

"வாரவன்தானட்டி அடிக்கான்?"

"எல்லாவனுமா அடிக்கான்? அவனுகள்ல பாதிப்பேரு நம்மளவிடப் பயந்தாங்கொள்ளிக்கா. பயந்தவன் கையில மாட்டுனா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாது."

"பயப்படட்டும்னுதான் கேக்கேன்" என்றாள் ஜெசிந்தா. எமி எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டது குறைவு.

இந்த வருடம் சித்திரையில் எமியை உப்பளத்து வாய்க்காலில் கண்டெடுத்தார்கள்.

எவனோ அவள் கழுத்தில் கிடந்த உத்தரியத்தை முறுக்கிக் கொன்றிருந்தான். வேதக்காரர்கள் பக்திக்காகக் கழுத்தில் போடுகிற, கார்மேல் மாதாவின் பழுப்புத் துணி இரண்டு துண்டு, நடுவே ஒரு கயிறு. சிறுபிள்ளையில் முதல் நற்கருணையான புதுநன்மை எடுத்த நாளிலிருந்து எமி கழற்றாத உத்தரியம். இற்றுப்போன நூலை மாற்றி நைலான் கயிற்றில் கோத்துக் கொடுத்தவள் ஜெசிந்தா. நூலாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். அதை நினைத்து அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு ஒரே பெயரைச் சொன்னாள். லிங்கதுரை.

அடக்கத்துக்கு எமியோடு ஒரே அறையில் குடியிருந்த முத்துக்கனி வந்திருந்தாள். அவளும் அதே தொழில்தான். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று தயங்கியவளை ஜெசிந்தாவே போய் இழுத்து வந்தாள்.

"யாரு கூட்டிட்டுப் போனா, சொல்லு."

"தெரியலக்கா. இப்பல்லாம் லாட்ஜுக்கு யாரு வாரா? உப்பளம், கருவேலங்காடு, பாழடஞ்ச குடோனு, இப்பிடித்தான் கூப்பிடுதானுவ. முகத்தக் கட்டிக்கிடுதான், பேரு சொல்ல மாட்டான். முடிஞ்சதும் பிளீச்சிங் பவுடரக் கரச்சு மேல ஊத்திக் குளிக்கச் சொல்லுதான். உடுத்துன துணியப் பிடுங்கி எரிச்சிருதான்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். தோல் வெந்து பொருக்குத் தட்டியிருந்தது. "முன்னாடின்னா ஒருத்தன் கோளாறா இருந்தா மத்தவன்கிட்ட விசாரிப்போம், அவன் சொல்லுவான். இப்ப எவனும் வாயத் தொறக்கானா?"

அது உண்மை. அந்தச் சாயங்காலம் உப்பளத்து ரோட்டில் நாலைந்து லாரிகள் நின்றிருந்தன. எமியை எவனோடாவது பார்த்தீர்களா என்று போலீஸ் கேட்டதற்கு ஒரு டிரைவரும் பார்க்கவில்லை என்றான். பார்த்தேன் என்றால் அங்கே உனக்கென்ன வேலை என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் பன்னிரண்டு வருடம்.

இன்ஸ்பெக்டர் சண்முகவடிவு ஜெசிந்தாவை வரச்சொல்லி எதிரே உட்கார வைத்தாள். நெடுநாள் பழக்கம், சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல.

"உப்புத்தண்ணி எல்லாத் தடத்தையும் அரிச்சிட்டு. கயித்தோட சேந்து முறுக்குன துணிக்கு உள்மடிப்புல மட்டும் ஒரு கை இருக்கு. நல்ல தடம். கொலைவழக்கா வாசிச்சா யாரு எவன்னு எந்திரமே பேரச் சொல்லிரும். ஆனா கொலைவழக்கு வரிசையில போனா மண்டலத்துக்குள்ள நம்ம முற வராது. முன்னாடி பூரா உங்க கேசுதான் நிக்கி."

"என் கேசா?"

"வாங்குனவனுக கேசு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், முதலிடத்தத் தளர்த்திரலாம். நாளைக்கே உத்தரியத்த ஏத்திருவேன்."

"உத்தரியத்துக்கு மட்டும் தளர்த்துங்க."

"அப்பிடி முடியாது ஜெசிந்தாம்மா. தளர்த்துனா மாவட்டம் முழுக்கத்தான். கொல, கொள்ள, பிள்ள காணாமப்போனது எல்லாம் முன்னால வரும். வாங்குனவனுக பையில பாதி மண்டலம் தாண்டிரும்."

"தாண்டுனா?"

"அவனுக வீட்டுக்குப் போயிருவானுக."

ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. இத்தனை வருடம் கத்தியது, பட்டினி கிடந்தது, தங்கையோடு பேச்சை விட்டது எல்லாம் எதற்கு? இருநூறு பேரைக் கதவைத் திறந்து அனுப்பவா? ஒவ்வொருத்தனும் ஒரு ஹாரன் அடித்துக்கொண்டு அவள் கடையைத் தாண்டுவான்.

"ஒருத்தனையும் விட மாட்டேன்" என்றாள். "வேற வழி இருக்கு. லிங்கதுரை அன்னைக்கு எந்தங்கச்சிகிட்டக் காசு குடுத்துப் போனான்னு நான் புகார் தாரேன். வாங்குனவன் கேசுன்னா முதல்லயே ஏறும்ல? அந்த உத்தரியத்துல அவன் கை இருக்குன்னு எந்திரம் சொல்லிட்டா, கொலையும் அவன்தான்னு அங்கனயே ஆயிரும்."

வடிவு பேனாவை மேசையில் வைத்தாள். "அந்தக் கேசுல ஒரே கேள்விதான் கேக்க முடியும். அவன் கையா, இல்லியான்னு. இல்லன்னு வந்துட்டா வேற யாருன்னு சொல்லாது. தடமும் எரிஞ்சிரும். அவன் அன்னைக்குக் கல்யாண வீட்டுல இருந்தேங்கான், போட்டோல்லாம் காட்டுதான். யோசிச்சுப் பாருங்க."

"அவன் சொந்தக்காரப்பய கல்யாணம். போட்டோ ஆயிரம் காட்டுவானுக."

"அவன் இல்லன்னா?"

"அவன்தான்" என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் சந்தேகம் என்பது பேருக்கும் இல்லை.

மூன்றாம் நாள் உத்தரியம் எந்திரத்தில் ஏறியது. தொடுவாசிப்பகம் பழைய சுங்கக் கட்டடத்தில் இருந்தது. தாழ்வாரத்தில் பெஞ்சு பெஞ்சாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பதிவோடு சரிபார்க்கத் தங்கள் உள்ளங்கைத் தடத்தைக் கொடுப்பதற்காக உட்கார்ந்திருந்தார்கள். வங்கி ஊழியர், உரக்கடைக்காரர், மீசை முளைத்தும் முளைக்காததுமாக ஒரு பையன், மனைவியை இழந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். எல்லோரும் கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் லிங்கதுரை.

ஜெசிந்தா அவனைத் தாண்டும்போது அவன் எழுந்து நின்றான். ஆள் தளர்ந்திருந்தான். ஹாரன் அடிக்கிற திமிர் ஒன்றையும் காணோம்.

"ஏம்மா, அன்னைக்கு அடிச்சது நாந்தான். அத இல்லங்கல. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்லுதேன். ஆனா இது நான் இல்ல. இப்பவும் சொல்லுதேன், எவன்னு தேடுங்க."

ஜெசிந்தா அவன் காலடியில் துப்பினாள். பிறகு உள்ளே போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வடிவு பக்கத்தில் நின்றுகொண்டாள்.

எந்திரம் இயக்குகிற செய்யதலி முறுக்கை ஊசிமுனைகளால் பிரித்து, உள்மடிப்பை ஒளித்தட்டில் விரித்து வைத்தான். நீல ஒளி ஓடியது. அது ஓடிய இடத்தில் துணி மெல்ல வெளுத்தது. எமியின் கழுத்துச் சூடு கடைசியாகத் தங்கியிருந்த இடம் அது. ஜெசிந்தா கண்ணாடியை ஒட்டி நின்றாள். லிங்கதுரைக்குக் கை விலங்கு மாட்டும்போது என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தாள். மதியம் தாண்டியது. செய்யதலி திரையைப் பார்த்தான், திரும்பி வடிவைப் பார்த்தான், துண்டுத்தாளைக் கிழித்து நீட்டினான்.

அதில் மூன்றே வரி, பின்னிரண்டும் எந்திரம் கேட்காமலே அச்சடிக்கிறவை. பெயர் குறிக்கப்பட்டவர்: இல்லை. அழுத்தம்: மிகுதி. வியர்வை: அச்சம்.

"தப்பு" என்றாள் ஜெசிந்தா. "திரும்பக் கேளு."

"கேக்க ஒண்ணும் இல்லம்மா" என்றான் செய்யதலி. "எரிஞ்சிட்டு."

"அப்ப வேற எவன்? அதச் சொல்லச் சொல்லு! ஒரு கை இருந்துச்சே, அது எவன் கை?"

"எந்திரத்துக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்ல விடாம சட்டத்துல பூட்டிருக்கு. வாசிச்ச வேகத்துல அதுவும் அழிஞ்சிரும்."

ஜெசிந்தா வடிவின் சட்டையையே பிடித்துவிட்டாள். வடிவு தட்டிவிடவில்லை. தாளின் கடைசி வரியைக் காட்டினாள்.

"இதப் பாருங்க. நான் எத்தனையோ கொலக்கேசுல வாசிப்பு பாத்திருக்கேன். ஆத்திரம்னு வரும், வெறின்னு வரும். அச்சம்னு வந்து இதுதான் முதல்தடவ. இவன் கொல்லணும்னு வந்தவன் இல்ல. காசு குடுத்துட்டு வந்தவன். அப்புறம் யோசிச்சிருக்கான். இவ மேல நம்ம தடம் ஒரு மண்டலம் இருக்கும், இவ உசுரோட இருந்தா நமக்குப் பன்னிரண்டு வருசம்னு."

ஜெசிந்தாவின் பிடி தளர்ந்தது. அவள் ஒன்றும் தெரியாதவள் அல்ல. எமி சொன்னது அத்தனையும் அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்தது. யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி, டீக்கடையில் கிளாஸ் வழுக்க நின்றவர்களில் ஒருத்தன், அவள் பார்த்துப் பார்த்து ரசித்தவர்களில் ஒருத்தன். அவன் பெயர் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாமல் போனதற்கும் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். புரிந்து என்ன செய்ய? நெஞ்சில் எரிகிற நெருப்புக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. லிங்கதுரையின் கழுத்து கை நழுவிவிட்டது. தன் கழுத்தை நீட்ட அவளுக்குத் தைரியம் இல்லை.

தாளைக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்து ஆண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைக்காதவன் ஒருத்தன் இல்லை. அவனாக இருக்கலாம். இவனாக இருக்கலாம். இந்த வாத்தியாராகக்கூட இருக்கலாம். தெருவில் அவளுடைய ஆட்கள், கடற்கரை ஊர்ப் பெண்கள், கொடியோடு திரண்டு நின்றார்கள். எமி செத்த சேதியில் ஊரே கொதித்துப்போயிருந்தது. செய்தியாளர்கள் ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"எக்கா, பன்னிரண்டு வருசம் பத்தாதுக்கா!" என்று ஒருத்தி கத்தினாள். "நம்ம பிள்ளையவே கொன்னுட்டானுவளே! தூக்குல போடணும், வாங்குதவன் எவனா இருந்தாலும் தூக்கு! நீங்க சொல்லுங்கக்கா!"

சண்முகவடிவு படியில் நின்று ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். முந்தானையை அவிழ்த்து அந்தத் தாளை வாசித்தால் போதும். ஜெசிந்தாவின் கை முடிச்சுவரை போனது. அதற்குள் லிங்கதுரை வெளியே வந்தான். சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்து, விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்து போனான். அவளுக்கு அந்தப் பழைய ஹாரன் மறுபடியும் காதில் கேட்டது. முடிச்சை விட்டுவிட்டாள்.

"தூக்குதான்" என்றாள் ஒலிவாங்கியில். "அதுக்குக் குறஞ்சு எதுக்கும் நாங்க ஒத்துக்கிட மாட்டோம்."

தெரு அதிரக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் யாரோ வந்து அவள் புறங்கையைத் தொட்டார்கள். முத்துக்கனி. வெந்து பொருக்குத் தட்டிய விரல்கள். கோபமாகக்கூட இல்லை, கடைச்சாமான் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சரிக்கா. தூக்குன்னு ஆயிட்டா வாரவன் ஒருத்தனும் எங்கள உசுரோட திருப்பி அனுப்ப மாட்டான். கல்லறத் தோட்டத்துல எமி பக்கத்துல எடம் இருக்கான்னு நீங்களே பாத்து வச்சிருங்க."

கைதட்டலில் அது ஜெசிந்தாவைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.